மேர் என்றால் விரல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் கால்வே நகரத்தைப் பற்றியும், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நான் பார்க்கும் வேலையைப் பற்றியும் எழுதியிருந்தேன். அடிபட்ட கை, ஆபரேஷன் ஆன விரல், மடங்காத மூட்டு, நிமிராத மூட்டு என்று வருகிறவர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதும், விரலின் அளவுக்குத் தாங்கு பட்டை செய்து மாட்டிவிடுவதும்தான் என் வேலை. அந்தக் கட்டுரையில் ஓரிடத்தில், ‘ஐரிஷ் மொழியில் விரலுக்கு மேர் என்று பேர்’ என்று ஒரே ஒரு வரி வந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. ஆசிரியரும் இந்த முறை பக்கங்களைத் தாராளமாகக் கொடுத்துவிட்டார். எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கே: என் மகள் நர்ஸ் வேலை கிடைத்து கால்வேக்குப் போகிறாள். ஐந்து விரலுக்கும் ஐரிஷ் பெயரை, உச்சரிப்போடு எழுதித் தர முடியுமா? – சேலம் வாசகி

கண்டிப்பாக. மகளுக்கு என் வாழ்த்துகளையும் சொல்லுங்கள்.

பொதுவாக விரலுக்கு ‘மேர்’. எம், ஈ, ஏ, ஆர் என்று நான்கு எழுத்து. ஈ-யின் தலையில் ஒரு சாய்கோடு. அந்தக் கோட்டுக்கு ‘ஃபாதா’ என்று பெயர். நீளம் என்று அர்த்தம். நம்முடைய குறில், நெடில் விவகாரம்தான். கோட்டைப் போட்டால் மேர், விரல். போடாமல் விட்டால் ‘ம்யர்’ என்று குறுகி, வேகமான என்று பொருள் தரும் வேறு சொல்லாகிவிடும். நெடிலைக் குறிலாக்கி எழுதினால் நமக்கு எப்படி உறுத்துமோ அப்படித்தான் அவர்களுக்கும் உறுத்தும். கேஸ் ஷீட்டில் கோட்டை விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

கட்டைவிரல் ‘ஓர்தோக்’. இதில் மேர் என்ற சொல்லே கிடையாது, தனிப் பெயர். இந்தக் கட்டைவிரலின் பழைய பெயரிலிருந்துதான் ‘ஓர்லஹ்’ என்ற அளவு வந்தது, அதாவது ஓர் இன்ச். நாம் சொல்கிற அங்குலமும் விரலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததுதான். கையில் இருப்பதை வைத்துத்தானே எல்லோரும் அளந்திருக்கிறார்கள்!

ஆள்காட்டி விரல் ‘கொர்வேர்’. நடுவிரல் ‘மேர் அதா’, நீளமான விரல். இதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது, கீழே சொல்கிறேன். மோதிர விரல் ‘மேர் அன் ஆன்யெ’. மோதிரத்தின் விரல் என்று நேராகவே அர்த்தம், நம்மைப் போலவே. சுண்டுவிரல் ‘லூடீன்’. கால்விரலுக்கு ‘மேர் கொஷெ’, காலின் விரல்.

பெயர் மட்டும் தெரிந்தால் வார்டில் போதாது, நாலு வாக்கியமும் எழுதித் தருகிறேன். ‘கேன் வேர்?’ என்றால் எந்த விரல். ‘தா பியன் இ மொ வேர்’ என்று ஒருவர் சொன்னால் விரலில் வலி இருக்கிறது. ‘லூப் தொ வேர்’, விரலை மடக்குங்கள். ‘ஒஸ்கில் தொ லாவ்’, கையை விரியுங்கள். இவ்வளவு போதும். மிச்சத்தை அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். வயதானவர்கள் ஆசையாகச் சொல்லிக் கொடுப்பார்கள்.

கே: மேலே மேர் என்றும், வாக்கியத்தில் வேர் என்றும் வருகிறதே? உங்கள் போன கட்டுரையிலும் இரண்டு மாதிரி இருந்தது. அச்சுப் பிழையா? – தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பிழை இல்லை ஐயா. நீங்கள் கேட்டது இந்த மொழியின் உயிர்நாடியான இடம். உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை.

ஐரிஷில் சொல்லின் முதலெழுத்தே இளகும். ‘ஷேவூ’ என்று அதற்குப் பெயர், மென்மையாக்குதல் என்று பொருள். என்னுடைய என்பதற்கு ‘மொ’. அது முன்னால் வந்தால் மேர் என்பது வேர் ஆகிவிடும்: ‘மொ வேர்’, என் விரல். பெண்பால் பெயருக்கு முன்னால் ‘அன்’ என்ற சுட்டு வந்தாலும் இளகும். விரல் அவர்களுக்குப் பெண்பால், அதனால் ‘அன் வேர்’. எழுதும்போது எம்-க்குப் பக்கத்தில் ஒரு ஹெச் சேர்த்து, இளகிவிட்டது என்று காட்டுவார்கள். பழைய அச்சு எழுத்தில் ஹெச் கிடையாது. எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். மெய்யின் தலையில் புள்ளி வைத்துப் பழகிய நமக்கு அந்தப் பழைய பக்கங்களைப் பார்த்தால் சட்டென்று ஒரு சொந்தம் தோன்றும்.

ஏன் இளகுகிறது என்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரு காலத்தில் முன்னால் வரும் சொல் உயிரொலியில் முடிந்தது. இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிய மெய் இளகியது. பிற்பாடு அந்தக் கடைசி உயிர் தேய்ந்து போயே போய்விட்டது, இளகல் மட்டும் தங்கிவிட்டது. இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. அவனுடைய, அவளுடைய என்ற இரண்டுக்குமே இன்றைய ஐரிஷில் ‘அ’ என்ற ஒரே சொல்தான். ஆனால் ‘அ வேர்’ என்றால் அவன் விரல், ‘அ மேர்’ என்றால் அவள் விரல். அவனுடைய என்பதன் மிகப் பழைய வடிவம் உயிரில் முடிந்தது, அவளுடைய என்பது ‘ஸ்’ ஒலியில் முடிந்தது. அந்த ‘ஸ்’ நடுவில் நின்று மகரத்தைக் காப்பாற்றிவிட்டது. ஆண், பெண் வித்தியாசம் முழுவதும் இன்றைக்கு அடுத்த சொல்லின் முதல் ஒலியில்தான் நிற்கிறது.

நம்மிடமும் ஒலி மாறத்தானே செய்கிறது? கண் என்று தனியாகச் சொல்லிப் பாருங்கள்; பிறகு ‘என் கண்’ என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ககரம் வேறாக ஒலிக்கும். நாம் அதை எழுதிக் காட்டுவதில்லை, அவர்கள் எழுதிக் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு தொல்லை உண்டு. அகராதியில் வேர் என்று தேடினால் கிடைக்காது. இளகலை நீக்கி மேர் என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகப் படிக்கிறவர்கள் திணறுவது இங்கேதான்.

இன்னொன்று: எண்ணோடு வரும்போது பெயர் ஒருமையிலேயே நிற்கும். பத்து விரல் என்பதற்கு ‘ஜெஹ் மேர்’. நாமும் பேச்சில் பத்து விரல் என்றுதானே சொல்கிறோம், விரல்கள் என்று இழுப்பதில்லையே. இலக்கண வகுப்பில் ஐரோப்பியர்கள் சிலர் இதற்குத் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் பேசுகிறவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

கே: என் மகன் டப்ளினில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஒரு மீட்டிங்கில் அவன் மேனேஜர், ‘உன் கோரிக்கையை நீள விரலில் வைத்திருக்கிறோம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னாராம். நடுவிரல் என்றதும் அவனுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கெட்ட அர்த்தமா? – கோயம்புத்தூர் வாசகர்

ஐயோ, கவலையே வேண்டாம். அதில் அசிங்கம் எதுவும் இல்லை. தள்ளிப்போட்டிருக்கிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் கிடப்பில் போட்டுவிட்டார்கள் என்போமே, அதேதான்.

இது ஐரிஷிலிருந்து அந்த ஊர் ஆங்கிலத்துக்குள் அப்படியே இறங்கிய வழக்கு. மூலம் ‘எர் அன் மேர் அதா’, அதாவது நீள விரலின் மேல். ‘எர்’ முன்னால் வந்ததால் இங்கே ‘அன்’ வந்தும் மேர் இளகவில்லை; வட மாகாணமான அல்ஸ்டரில் மட்டும் ‘எர் அன் வேர் அதா’ என்று இளக்கிச் சொல்வார்கள். அதா என்பது மேலே சொன்ன ஃபாதாவேதான், நீளம். முன்னால் பெண்பால் பெயர் வந்ததால் ஃப இளகி, ஒலியே இல்லாமல் போய்விட்டது. ஐரிஷ் ஒரு வரிகூடப் பேசத் தெரியாதவர்களும் ஆங்கிலத்தில் இதைச் சரளமாகச் சொல்வார்கள். பத்திரிகைத் தலைப்பில் வரும், நாடாளுமன்ற விவாதத்தில் வரும். ‘அரசு ஆஸ்பத்திரிக் கட்டடத்தை நீள விரலில் வைத்துவிட்டது’ என்று எதிர்க்கட்சிக்காரர் கேட்பது அங்கே சர்வசாதாரணம். சொந்த மொழி வாயிலிருந்து போன பிறகும் அதன் சொல்வழக்கு இன்னொரு மொழிக்குள் உட்கார்ந்து வாழ்கிறது. இதை நினைத்தால் எனக்கு மனசு நெகிழும்.

நான் இந்த வழக்கைத் தினமும் உபயோகிக்கிறேன். கை மடக்கும் தசைநார் அறுந்து தைத்து வருகிறவர்களுக்கு முதல் சில வாரம் தங்கம் மாதிரி. தைத்த நார் பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். தாங்கு பட்டைக்குள்ளேயே, சொன்ன அளவுக்கு மட்டும், சொன்ன நேரத்தில் விரலை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் அது வழுக்கி ஓடும். அதிகம் அசைத்தால் தையல் அறுந்துவிடும், அசைக்காமல் விட்டால் ஒட்டிவிடும். பிறகு அதை மீட்க இன்னோர் ஆபரேஷன் தேவைப்படலாம். ‘மாட்டு வேலை இருக்கிறது, அடுத்த வாரத்திலிருந்து செய்கிறேன்’ என்று ஒரு விவசாயி சொன்னால், ‘நா கிர் எர் அன் மேர் அதா ஏ’ என்பேன். நீள விரலில் வைக்காதீர்கள் என்று அர்த்தம். கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்கும்போது அவர்களுக்கு உறைக்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல ஒரு பழமொழியும் வைத்திருக்கிறார்கள்: நீண்டுகொண்டே போகும் காரியம் ஆறிக் குளிர்ந்துபோகும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள் இல்லையா? உங்கள் மகனை அதை மேனேஜரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், கோரிக்கை நகர்ந்தாலும் நகரும்.

கே: விரலை வைத்து நம்மிடம் ஏகப்பட்ட வழக்கு இருக்கிறது. ஐரிஷில் வேறு என்னவெல்லாம் உண்டு? – திருநெல்வேலி வாசகி

எல்லாவற்றையும் அடுக்க இடம் போதாது. மனதில் முதலில் வருவதைச் சொல்கிறேன். ஒருவருக்கு ஒரு விஷயம் அத்துப்படி என்றால் ‘எர் வார் ந மேர்’ வைத்திருக்கிறார் என்பார்கள். விரல்களின் நுனியில் என்று அர்த்தம், நம் வழக்கும் அதுவே. குற்றம் சாட்டினால் விரல் நீட்டுவது, அங்கேயும் அப்படித்தான்.

சேர்க்கைச் சொற்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கம்ப்யூட்டருக்கும் பியானோவுக்கும் இருக்கும் கீபோர்டு ‘மேர்ஹ்லார்’. மேர் விரல், க்லார் பலகை. நாம் விசையைப் பார்த்து விசைப்பலகை என்றோம், அவர்கள் விரலைப் பார்த்து விரல்பலகை என்றார்கள். கைரேகை ‘மேர்லொரக்’. லொரக் என்றால் தடம், மிருகம் போன தடத்துக்கும் அதே சொல். விரல் போன தடம்! போலீஸ் ஸ்டேஷனில் புழங்கும் ஒரு சொல்லுக்குள் வேட்டைக்காரனின் பார்வை இருக்கிறது. ‘மேரோக்’ என்றால் கூழாங்கல், விரலில் எடுக்கிற அளவுக் கல். குழந்தைகள் சாப்பிடும் மீன் விரல்களுக்கும் அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள்.

கே: விரல்களுக்கும் மேயருக்கும் அங்கே ஒரே சொல் என்று என் பேத்தி சொல்கிறாள். உண்மையா? – டொரன்டோ வாசகர்

உண்மை. விரலின் பன்மை ‘மேர’. மேயருக்கும் ‘மேர’தான், எழுத்தும் ஒன்றே. வேரில் சம்பந்தம் கிடையாது. மேயர் என்ற சொல் வெளியிலிருந்து வந்து தற்செயலாக அந்த வடிவத்தில் நின்றுவிட்டது. அது ஆண்பால், அதன் பன்மை ‘மேரீ’. அதனால் வாக்கியத்தில் குழப்பம் வராது. டப்ளின் மேயருக்கு முன்னால் ‘ஆர்த்’ என்று உயர்வைக் காட்டும் சொல்லைச் சேர்ப்பார்கள், அங்கே மகரம் இளகி ‘ஆர்த்வேர’ ஆகிவிடும். லிமெரிக் நகரத்தில் 2024ல் முதல் முறையாக மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாதம் முழுக்க இந்தச் சொல்லைச் செய்தியில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கே: போன கட்டுரையின் படத்தில், சாலையோரம் ஊதா நிறத்தில் மணி மணியாகத் தொங்கிய பூ என்ன பூ? – கும்பகோணம் வாசகி

அது ஃபாக்ஸ்குளோவ். நம்ப மாட்டீர்கள், அதுவும் விரலோடு சம்பந்தப்பட்டதுதான்.

ஜூன் மாதம் வந்துவிட்டால் கால்வேயிலிருந்து மேற்கே கானமாரா போகும் வழியெல்லாம் கல் சுவர்களை ஒட்டி, ஆள் உயரத்துக்குக்கூட நிமிர்ந்து நிற்கும். ஒரே தண்டு. ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழிருந்து மேலாகப் பூக்கும். ஒரு பூவைக் குனிந்து பார்த்தால், உள்ளே வெள்ளை விளிம்பு கட்டிய கரும்புள்ளிகள் இருக்கும். ஆள்காட்டி விரல் நுனி சரியாக உள்ளே போகும். தைக்கும்போது ஊசி குத்தாமல் விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் உலோக உறை இருக்கிறதே, ஐரிஷில் அதற்கு ‘மேரகான்’ என்று பெயர், மேர் என்பதிலிருந்து பிறந்தது. இந்தப் பூவுக்கும் அதே பெயரைப் போட்டு ‘மேரகான் பூக்கா’ என்பார்கள். பூக்கா என்பது கிராமத்துக் கதைகளில் உருவம் மாறித் திரியும் ஆவி. பெரும்பாலும் கறுப்புக் குதிரையாக வரும். அதன் விரலுறை இது. ‘லுஸ் மோர்’, பெரிய மூலிகை, என்ற பெயரும் இதற்கு உண்டு, இன்றைக்கு அதிகம் புழங்குவது அதுதான்.

ஜெர்மன்காரர்களும் தையல் விரலுறையின் பெயரைத்தான் இந்தப் பூவுக்கு வைத்தார்கள். அதைப் பார்த்து லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற மூலிகை அறிஞர் 1542ல், விரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து டிஜிடாலிஸ் என்று பெயரிட்டார். வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய டாக்டர் 1785ல் இதன் இலையை உடல் வீக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவங்களை விரிவாக எழுதி வைத்தார். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இன்றைக்கும் எழுதிக் கொடுக்கும் டிஜாக்ஸின் மாத்திரை இதே குடும்பத்தின் இன்னோர் இனத்திலிருந்து வருவது. உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். மாத்திரைப் பெயரின் தொடக்கத்தில் விரல் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. செடி முழுக்க விஷம். இலை, பூ, விதை எதையும் வாயில் வைக்கக் கூடாது. அளவு கொஞ்சம் தப்பினாலும் இதயத்தைப் பாதிக்கும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுலா போகிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

கே: பிள்ளைகளுக்குச் சொல்ல, விரலை வைத்து ஓர் ஐரிஷ் கதை? – தூத்துக்குடி ஆசிரியை

ஃபின் மக்கூல் கதை சொல்லுங்கள், வகுப்பு அசையாது. பாய்ன் என்ற ஆற்றில் ஒரு சால்மன் மீன் இருந்தது. அதை முதலில் ருசிப்பவருக்கு உலக ஞானம் எல்லாம் வந்துவிடும். ஒரு வயதான புலவர் அதற்காக ஆற்றங்கரையில் ஏழு வருஷம் காத்துக் கிடந்தார். கடைசியில் மீன் சிக்கியது. தன்னிடம் பாடம் கேட்க வந்திருந்த பையன் ஃபின்னிடம் கொடுத்து, ‘சுட்டு வை, ஒரு துண்டுகூட வாயில் வைக்காதே’ என்றார். சுடும்போது மீனின் தோலில் ஒரு கொப்புளம் எழும்பியது. பையன் அதைக் கட்டைவிரலால் அமுக்கினான். சுட்டுவிட்டது. சட்டென்று விரலை வாயில் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான், ஞானம் முழுவதும் அவனுக்கு வந்துவிட்டது. புலவர் பையனின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார், கோபப்படவில்லை, மீனை நீயே சாப்பிடு என்று கொடுத்துவிட்டார். பிற்காலத்தில் பெரிய வீரனான பிறகும், சிக்கலான நேரத்தில் ஃபின் கட்டைவிரலைக் கடித்துக்கொள்வானாம், பதில் வந்துவிடுமாம்.

எனக்கு இதில் பிடித்தது அந்தப் புலவர். ஏழு வருஷம் காத்திருந்தது கை நழுவிப்போனபோது அவர் நடந்துகொண்ட விதத்தைப் பிள்ளைகளிடம் தவறாமல் சொல்லுங்கள்.

கே: பழைய ஐரிஷ் கல்வெட்டு எழுத்து விரல்களிலிருந்து வந்தது என்கிறார்களே? – மதுரை, கல்வெட்டு ஆர்வலர்

ஓகம் எழுத்தைக் கேட்கிறீர்கள். கல்லின் விளிம்பை நடுக்கோடாக வைத்து, வலப்பக்கம் ஒன்று முதல் ஐந்து கீறல், இடப்பக்கம் ஒன்று முதல் ஐந்து, குறுக்கே சாய்வாக ஒன்று முதல் ஐந்து, விளிம்பின் மேலேயே ஐந்து வரை. நாலைந்து இருபது எழுத்து. சுமார் 400 கல்லில் கிடைத்திருக்கிறது, அதிகம் கெர்ரி, கார்க் பக்கம். பெரும்பாலும் இன்னாரின் மகன் இன்னார் என்பது போன்ற பெயர்கள்தான்.

ஐந்து ஐந்தாகப் பிரித்திருப்பதைப் பார்த்ததும் யாருக்கும் கை ஞாபகம் வரும். எழுத்து கையிலிருந்துதான் பிறந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விரலால் ஓகம் பேசும் வழக்கம் ஏட்டில் பதிவாகியிருக்கிறது. 1390 வாக்கில் எழுதப்பட்ட பாலிமோட் ஏட்டில் ‘கால் ஓகம்’ என்று ஒரு முறை சொல்லப்பட்டிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் முன்னெலும்பை நடுக்கோடாக வைத்துக்கொண்டு, அதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரல்களை வைத்துக் காட்டுவது. மூக்கை நடுக்கோடாக வைத்துக் காட்டும் முறையும் உண்டு. எத்தனை விரல் என்பதை வைத்து எழுத்து. ஏடு இப்போது டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாதெமியில் இருக்கிறது. போனால் பாருங்கள்.

கே: அங்கே எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். வேலை பார்க்கப் போன இடத்தில் விரலுக்கு ஐரிஷில் என்ன என்று தெரிந்துகொள்வதால் யாருக்கு என்ன லாபம்? – சென்னை வாசகர்

நேராகக் கேட்டிருக்கிறீர்கள், நானும் நேராகச் சொல்கிறேன். நோயாளிக்கு லாபம்.

எங்களிடம் அடிக்கடி வரும் ஒரு பிரச்சினை: உள்ளங்கைத் தோலுக்குக் கீழே இருக்கும் சவ்வு தடித்து, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, மோதிர விரலையும் சுண்டுவிரலையும் உள்பக்கமாக இழுத்துவிடும். வட ஐரோப்பியர்களிடம் அதிகம், அதிலும் வயதான ஆண்களுக்கு. டுப்விட்ரன் என்ற பிரெஞ்சு சர்ஜனின் பெயரில் அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. கையை மேஜை மேல் தட்டையாக வைக்கச் சொல்வோம். தட்டையாக வைக்க முடியவில்லை என்றால் டாக்டர் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கானமாராவிலிருந்து ஒரு மீனவர் வந்தார். கையை மேஜையில் வைத்தார். மூன்று விரல் படுத்தது, இரண்டு விரல் கூடாரம் மாதிரி நின்றது. என்ன கஷ்டம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். அந்த ஊர் மனிதர்கள் ஆங்கிலத்தில் டாக்டர் முன்னால் அப்படித்தான் பேசுவார்கள். பிறகு நான் ‘கேன் வேர்?’ என்று கேட்டேன். எந்த விரல்? அவர் நிமிர்ந்து பார்த்தார். லூடீன் என்று சுண்டுவிரலைத் தொட்டார். அப்புறம் வரிசையாக வந்தது. நண்டுக் கூடை இழுக்கும்போது ஈரக் கயிற்றின் வளையத்தில் அந்த விரல் மாட்டிக்கொள்கிறது. கையுறை போட முடியவில்லை. முகம் கழுவும்போது கண்ணில் குத்துகிறது. ஒரு தடவை படகு ஆடும்போது கயிற்றை விட முடியாமல் தடுமாறியிருக்கிறார்; அதை வீட்டில் சொல்லவில்லை. எனக்குப் புரியாத இடங்களைக் கூட இருந்த சக ஊழியர் எடுத்துச் சொன்னார்.

அத்தனையும் எனக்குத் தேவையான தகவல். ஆபரேஷன் எவ்வளவு அவசரம், பிறகு எந்தப் பிடியைப் பழக்க வேண்டும், இரவில் மாட்டும் பட்டை எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. என்னைவிட நன்றாகவே பேசுவார். ஆனால் தன் உடம்பைப் பற்றிச் சொல்ல அவரிடம் இருந்த சொற்கள் அம்மா மடியில் கற்றவை. திருநெல்வேலியில் என் பாட்டி ‘விண்ணு விண்ணுனு தெறிக்குது’ என்று சொன்னதை ஆங்கிலத்தில் எந்த டாக்டரிடமும் சொல்லியிருக்க முடியாது.

2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்களுக்கு ஐரிஷ் தெரியும் என்று சொன்னார்கள். பள்ளி, கல்லூரிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் என்றால் சுமார் 72 ஆயிரம் பேர்தான். அந்த 72 ஆயிரத்தில் ஒரு பகுதி எங்கள் மாவட்டத்துக் கடற்கரைக் கிராமங்களில் இருக்கிறது. 2021ல் திருத்திய மொழிச் சட்டம், 2030 முடிவதற்குள் அரசு வேலைக்குப் புதிதாக எடுக்கிறவர்களில் 20 சதவீதம் பேருக்கு ஐரிஷ் தெரிந்திருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கு வருகிறவர் இன்றைக்கே வலியைச் சொல்லியாக வேண்டும். நான் அங்கே சம்பளம் வாங்குகிறேன், அவர்கள் கையைப் பிடித்துத்தான் வேலை பார்க்கிறேன். அந்தக் கையின் விரலுக்கு அவர்கள் வீட்டில் என்ன பேர் என்று தெரிந்துகொள்வது என் வேலையில் சேர்ந்தது என்றுதான் நினைக்கிறேன்.

கே: இங்கிருந்தே ஐரிஷ் படிக்க வழி உண்டா? – சேலம், திருச்சி, புதுச்சேரி வாசகர்கள்

உண்டு. 1893ல் தொடங்கிய கான்ரா ந கேல்கெ என்ற அமைப்பு ஆன்லைனிலும் வகுப்பு நடத்துகிறது. ஆரம்பத்தில் ஒரு வகுப்பில் சேருவதுதான் நல்லது. இளகல் எல்லாம் வாயால் பழகினால்தான் ஒட்டும். சொல் தேட டியாங்லன் டாட் ஐஇ (teanglann.ie) என்ற இலவச அகராதித் தளம் இருக்கிறது. அதில் நிறையச் சொற்களை மூன்று வட்டாரத்து உச்சரிப்பில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். மேர் என்று போட்டு மூன்றையும் கேளுங்கள். தெற்கே மன்ஸ்டர் உச்சரிப்பில் ‘மியர்’ என்று விழும். சேலத்து வாசகியின் மகள் கால்வே போவதால், அந்த நகரம் இருக்கும் மேற்கு மாகாணமான கானாக்ட் வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்துப் பழகட்டும். கேன் வேர் என்ற கேள்வியை விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிப் பழகிவிடலாம்.